அடையாளம் தெரியாத நபர்கள்



1892 மார்ச் மாதம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூன்று கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பலொன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. அவர்களுடைய மளிகைக் கடை நன்றாக நடந்தது. அருகிலிருந்த வெள்ளையர் கடைக்கு அது போட்டியானது. பகையின் வேர் அதுதான். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மாஸின் தோழி ஐடா பி. வெல்ஸ் அடிமையாகப் பிறந்தவர். அதே ஊரில் பத்திரிகை நடத்தியவர். வெள்ளைப் பெண்களின் மானம் காக்கவே இக்கொலைகள் என்று அன்று சொல்லப்பட்டது. வெள்ளையர் பத்திரிகைகள் தந்த கணக்கையே எடுத்து அவர் ஆராய்ந்தார். கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் அப்படிப்பட்ட குற்றச்சாட்டே இருந்தது. மானம் என்பது சாக்கு என்று எழுதினார். மே மாதம் அவருடைய பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது. அவர் வடக்கே சென்று தொடர்ந்து எழுதினார்.

அக்காலத்தில் பலர் பார்க்கக் கொலை நடக்கும். படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்பார்கள். ஆனால் பிரேத விசாரணை அறிக்கையோ 'பெயர் தெரியாத நபர்களால் மரணம்' என்று முடியும். ஊரே கூடிக் கொன்றால் கொலையாளி எவருமில்லை! இந்த மொழி நமக்குப் புதிதா? 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று நம்மூர் முதல் தகவல் அறிக்கைகளில் படித்தவர்கள் அல்லவா நாம்?

இக்கொலைகளுக்கு எதிரான முதல் மசோதா 1900இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. சட்டமானது 2022இல். 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவனைக் கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. பிறகு அவர்களே ஒரு பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டனர்.

2020இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டபோது, கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய காவலரோடு உடனிருந்த மூன்று காவலர்களும் தண்டிக்கப்பட்டனர். தடுக்காமல் இருப்பதும் குற்றமே என்பதை நீதிமன்றம் ஏற்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த உறவை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் 2017இல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் அடித்தபோது, சுற்றி நின்றவர்கள் நம் நாட்டு மக்களே. கறுப்பை இழிவாக்கும் சொல் நம் வீடுகளிலும் புழங்குகிறது.

கொடுமையை அனுபவித்தவர்கள் என்பதாலேயே நாம் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. அந்த நபர்கள் யார் என்று கேட்போம். கூட்டத்தில் நாம் எங்கே நின்றோம் என்பதையும் சேர்த்தே கேட்போம்.