புண்ணுக்குப் புனுகு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சரித்திரம் படிப்பதில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பெரிய யுத்தங்களையும் உடன்படிக்கைகளையும் ஒரு புறம் தள்ளிவிட்டு, யாரோ ஒரு மனிதர் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விடுவான். ஜெர்மனியின் முதல் குடியரசு பிறந்து வளர்ந்து மடிந்த கதையைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது.

1918-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி. நாலு வருஷம் சண்டையிட்டுத் தோற்ற சேனை பெர்லின் நகருக்குத் திரும்புகிறது. பிராண்டன்பர்க் வாயிலில் அதை வரவேற்க நிற்கிறவர் சக்கரவர்த்தி அல்ல. அவர் ஹாலந்து தேசத்துக்கு ஓடிப்போய் ஒரு மாதமாகிறது. நிற்கிறவர் பிரெடரிக் ஈபர்ட். தையற்காரர் மகன், இளமையில் குதிரைச் சேணம் தைத்தவர், சமூக ஜனநாயகக் கட்சியில் படிப்படியாக உயர்ந்து தலைவரானவர். அந்த யுத்தத்தில் தம்முடைய இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்.

களைத்து வந்த சிப்பாய்களைப் பார்த்து, எந்தப் பகைவனும் உங்களை வெல்லவில்லை என்று அவர் சொன்னார். எதிரிகளின் ஆள்பலமும் தளவாடமும் தாங்க முடியாமல் போன பிறகுதான் சண்டையைக் கைவிட்டோம் என்பதையும் கூடவே சொல்லத்தான் செய்தார். ஆனால் ஜனங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டது முதல் வாக்கியத்தை மட்டும்தான். நமக்கு இதமானதை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான குணம் அல்லவா?

உண்மை என்ன? அதற்கு இரண்டரை மாதம் முன்பே, செப்டம்பர் 29-ந் தேதி, தளபதிகளான ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ப்பும் சக்கரவர்த்தியிடம் போய், உடனே போர் நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சேனை தோற்றது தளபதிகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், நவம்பர் 11-ந் தேதி பிரான்ஸில் கொம்பியேன் காட்டில், ஒரு ரயில் வண்டிக்குள் போர் நிறுத்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த கோஷ்டிக்குத் தலைவர் தளபதி அல்ல. எர்ஸ்பர்கர் என்ற அரசியல்வாதி. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கடன் வாங்கியவர்கள் திண்ணைக்கு நழுவிவிட, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் தலையில் கடன் விழுந்தது!

1919 பிப்ரவரியில் புதுக் குடியரசின் நிர்ணய சபை வெய்மார் என்னும் சிற்றூரில் கூடியது. பெர்லினில் கலவரம் ஓயவில்லை. அதே வருஷம் நவம்பரில், தோல்வியின் காரணத்தை விசாரித்த பார்லிமெண்டுக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் வந்தார். சேனையை முதுகில் குத்திவிட்டார்கள் என்று சொன்னார். யார் குத்தினார்கள்? உள்நாட்டில் இருந்தவர்கள்தான். யாருமே வெல்லாத சேனை தோற்றது என்றால், வேறு எப்படித் தோற்றிருக்க முடியும்? ஈபர்ட் அன்பினால் சொன்ன வார்த்தை, அவருடைய பகைவர்களுக்கு அஸ்திவாரக் கல்லாயிற்று.

அதன் மேல் எழுந்த கட்டடத்தைப் பாருங்கள். 1921 ஆகஸ்டு 26-ந் தேதி, கறுப்புக் காட்டு மலைப் பகுதியில் உலாவப் போன எர்ஸ்பர்கரை இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். 1922 ஜூன் 24-ந் தேதி, அயல்நாட்டு மந்திரி ராதெனௌ பெர்லின் தெருவில் மோட்டாரில் போகும்போதே கொல்லப்பட்டார். 1923-ல் பிரெஞ்சுத் துருப்புகள் ரூர் பிரதேசத்தில் புகுந்தன. அங்கே ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்தியவர்களுக்குப் படியளக்க அரசாங்கம் நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! ஆயுள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் ஒரு ரொட்டி வாங்க முடியவில்லை. யுத்தச் செலவைக் கடனில் ஓட்டிய பழைய அரசாங்கத்தை யாரும் ஏசவில்லை. ஏச்செல்லாம் குடியரசுக்கே.

அந்தக் குடியரசு கையாலாகாதது என்று சொல்லிவிடக் கூடாது. அதே நவம்பரில் புது நாணயம் வெளியிட்டு விலைவாசியை நிலைக்கு இழுத்து வந்தது. அதே மாதம் மூனிச் நகரில் ஹிட்லரும் லூடன்டார்ப்பும் செய்த கலகத்தையும் அடக்கியது. ஆனால் வழக்கு விசாரித்த நீதிபதிகள் லூடன்டார்ப்பை விடுதலை செய்தார்கள். ஹிட்லருக்கு விதித்தது ஐந்து வருஷம். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1924 டிசம்பர் 20-ந் தேதி.

சரியாக மூன்று நாள் கழித்து, டிசம்பர் 23-ந் தேதி, மாக்டபர்க் நகரக் கோர்ட்டில் இன்னொரு தீர்ப்பு. ஜனாதிபதி ஈபர்ட்டைத் துரோகி என்று எழுதிய பத்திரிகையாசிரியர் மேல் நடந்த வழக்கு அது. அவமதிப்புக்காக ஆசிரியருக்குத் தண்டனை கிடைத்தது வாஸ்தவம். ஆனால் 1918 ஜனவரியில் ஆயுதத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்துகொண்டதால், சட்டப்படி ஈபர்ட் தேசத் துரோகம் செய்தவர்தான் என்று கோர்ட்டார் எழுதி வைத்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தைச் சீக்கிரம் முடித்து வைக்கத்தான் அதில் சேர்ந்ததாக ஈபர்ட் சொன்னது எடுபடவில்லை. இரண்டு பிள்ளைகளைப் போர்க்களத்தில் கொடுத்தவருக்குத் தேசம் சூட்டிய பட்டம் இது!

அவர் மனமுடைந்து போனார். மேல் வழக்கு நினைப்பிலேயே இருந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட்டார். குடல்வால் நோய் முற்றி, 1925 பிப்ரவரி 28-ந் தேதி, 54-வது வயதில் காலமானார். அவருடைய நாற்காலியில் ஜனங்கள் தேர்ந்தெடுத்து உட்கார வைத்தது யாரை? 77 வயது ஹிண்டன்பர்க்கை! 1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்ததும் அவர் கைதான்.

அன்றைக்கு பிராண்டன்பர்க் வாயிலில் உண்மையைப் பச்சையாகச் சொல்லியிருந்தால் குடியரசு பிழைத்திருக்கும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். பிற்பாடு உலகமெங்கும் வியாபாரம் படுத்ததும், 1932-ல் அறுபது லட்சம் ஜெர்மானியர் வேலையின்றித் திண்டாடியதும் சிறிய காரணங்கள் அல்ல.

ஆனாலும் அந்தக் காட்சி என்னை விடுவதாக இல்லை. ஈபர்ட்டின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். எதிரே ஆயிரமாயிரம் வாலிபர்கள். அவர்களோடு திரும்பி வந்திருக்க வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. "நீங்கள் தோற்றுவிட்டீர்கள், உங்களை நடத்தியவர்கள் உங்களை ஏமாற்றினார்கள்" என்று சொல்ல எனக்கு நாவு எழும்பியிருக்குமா? எழும்பியிருக்காது. நானும் புண்ணுக்குப் புனுகுதான் பூசியிருப்பேன். புண் உள்ளே புரையோடிக் கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்திருக்கும்.