இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு யோசனை சொன்னவர்கள்

பழைய கம்பெனிகளுக்குப் புது யோசனை சொல்வது இப்போது பெரிய தொழில். ‘இன்னோவேஷன் கன்சல்டன்ட்’ என்று கார்டு அடித்துக்கொண்டு வருகிறார்கள். லேப்டாப்பைத் திறந்தால் நாற்பது ஸ்லைடு, அதில் முப்பதில் அம்புக்குறி. பேங்க் வேலையில் இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இதைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கிறது. ஆனால் பி.காம். படித்தவனுக்கு அம்புக்குறியைவிட லெட்ஜர்மேல்தான் நம்பிக்கை அதிகம். அதனால், நம் நாட்டு ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு யார் யார் என்ன யோசனை சொன்னார்கள், அதில் எது தங்கியது என்று ஒரு கணக்குப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோடு உட்காருங்கள்.

கதை நான் இருக்கும் தாதரிலிருந்து ஏழெட்டு ஸ்டேஷன் தெற்கே, பழைய பம்பாயில் ஆரம்பிக்கிறது. இந்தியாவில் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1818-ல் கல்கத்தாவில் வந்த ஓரியண்டல் லைஃப். 1829-ல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விட்டபிள் வந்தது. இந்த மாதிரி வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு நம்மவர் உயிர் என்றாலே பயம். இன்ஷூர் செய்தாலும் கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள். 1870-ல் தொடங்கிய பாம்பே மியூச்சுவல் லைஃப் அஷ்யூரன்ஸ் சொசைட்டிதான் இந்தியர்களுக்கும் சாதாரண பிரீமியம் போதும் என்று வந்தது. மெஷின் இல்லை, ஸ்லைடு இல்லை. இவனும் மற்றவனைப் போல மனுஷன்தான் என்று விலைப்பட்டியலில் ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் முதல் பெரிய இன்னோவேஷன் அதுதான்.

அந்தக் காலத்தில் கன்சல்டன்ட் வேலையைச் செய்தவர் ஆக்சுவரி. எந்த வயதில் ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று அட்டவணை போட்டு, அதை வைத்து பிரீமியம் சொல்பவர். 1874-ல் பம்பாயில் தொடங்கிய ஓரியண்டல் (கல்கத்தாக் கம்பெனி வேறு, இது வேறு) தன் பாலிசிதாரர்களையே கணக்கெடுத்து 1925-35 அட்டவணையைத் தயாரித்தது. இங்கிலாந்துக்காரன் ஆயுளை வைத்து நம் ஆயுளை ஊகிக்க வேண்டிய தேவை போயிற்று. 1956-க்குப் பிறகு எல்.ஐ.சி.யும் வெகுகாலம் அந்த அட்டவணையைத்தான் அடிப்படையாக வைத்திருந்தது. சொந்தப் பாலிசிதாரர்களை வைத்து 1970-73 அட்டவணை வந்தது பிறகுதான். இடையில் நாட்டில் சராசரி ஆயுள் கூடிக்கொண்டே போயிற்று. பழைய அட்டவணை பயன்பாட்டில் இருந்தவரை, நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் பழைய சாவுக் கணக்குக்குப் பணம் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (போனஸாகக் கொஞ்சம் திரும்பி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

1956 ஜனவரி 19 அன்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சொசைட்டிகள், ஆக 245 நிறுவனங்கள் ஒன்றாயின. செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. 5 மண்டல அலுவலகம், 33 டிவிஷனல் ஆபீஸ், 212 கிளை. இதில் 33 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கிளை பாலிசி பிடித்துக் கொடுக்கும். ஃபைல் மட்டும் டிவிஷனல் ஆபீஸில் இருக்கும். கடன் வேண்டுமா, முகவரி மாற்றமா, கிளெய்மா, எல்லாம் அங்கேதான். இத்தனை பெரிய நாட்டுக்கு 33 இடம்.

1960களில் கம்ப்யூட்டர் வந்தது. பம்பாயில் வைத்துவிட்டார்கள். கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் கட்டடத்தில் அதை நுழையவிடாமல் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம். இன்று சிரிப்பது சுலபம். பேங்க்கில் நாங்களும் கம்ப்யூட்டர் சண்டையெல்லாம் பார்த்து வந்தவர்கள், அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றம் என்று யாராவது சொன்னால், நஷ்டம் யார் தலையில் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

அடுத்து வந்தவர் நம்ம ஊர்க்காரர். நாடாளுமன்றத்தில் பேர் வாங்கிய இரா. செழியன். எல்.ஐ.சி.யின் செயல்பாட்டை ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். 1980-ல் வந்த அறிக்கை, எல்.ஐ.சி.யை ஐந்து தனி நிறுவனங்களாகப் பிரிக்கச் சொன்னது. இதற்காக 1983-ல் மசோதாகூட வந்தது. ஊழியர்கள் எதிர்த்தார்கள், மசோதா சட்டமாகவில்லை.

ஆனால் அதே எண்பதுகளின் தொடக்கத்தில் சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடந்தது. பாலிசி சேவையை டிவிஷனல் ஆபீஸிலிருந்து கிளைகளுக்கு மாற்றினார்கள். கிளையே கணக்கு வைக்கும் இடம் ஆயிற்று. புதுக் கிளைகளும் நிறையத் திறந்தார்கள். லெட்ஜரைப் பாருங்கள். 1957-ல் புதுப் பாலிசிகளின் காப்பீட்டுத் தொகை சுமார் 200 கோடி ரூபாய். 1,000 கோடியைத் தொட 1969-70 ஆயிற்று. 2,000 கோடியைத் தாண்ட இன்னும் பத்து வருஷம். ஆனால் 1985-86-ல் 7,000 கோடியைத் தாண்டிவிட்டது! விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இது பெரிய தாவல். நாட்டை உலுக்கும் யோசனை எதுவும் இதில் இல்லை. ஃபைல் மக்கள் பக்கத்தில் வந்தது.

அதற்கப்புறம் கதை உங்களுக்கே தெரியும். ரிசர்வ் வங்கி முன்னாள் கவர்னர் மல்ஹோத்ரா தலைமையிலான குழு 1994-ல் தனியாரை அனுமதிக்கச் சொன்னது. 1999-ல் ஐ.ஆர்.டி.ஏ. சட்டம். 2000 அக்டோபரில் முதல் தனியார் உரிமங்கள். அதில் ஒன்று சென்னையின் ராயல் சுந்தரம். 2023-ல் எல்.ஐ.சி. ‘டைவ்’ என்ற டிஜிட்டல் திட்டத்தைத் தொடங்கி வெளியிலிருந்து ஆலோசகரை அமர்த்தியது. 2024-ல் அதற்கான தளத்தை உருவாக்கும் வேலை இன்ஃபோசிஸுக்குப் போயிற்று. நரிமன் பாயிண்டில் இருக்கும் ‘யோகக்ஷேமா’ கட்டடத்தில் இனிமேல் அம்புக்குறிக்குப் பஞ்சம் இருக்காது.

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எந்தப் புதுமையையும் அளக்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. பாலிசிதாரர் கண்ணை மூடிய பிறகு, அவர் குடும்பத்துக்கும் அந்தப் பணத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம்? 1870-ல் அந்தத் தூரம் தோல் நிறமாக இருந்தது. பிறகு டிவிஷனல் ஆபீஸாக இருந்தது. இன்று?

போன வருஷம் தாராவியிலிருந்து ஒரு அம்மா கணவரின் பாஸ்புக்கோடு வந்தார். இட்லி வியாபாரக் குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். கணவர் இறந்து ஆறு வாரம். கணக்கை மூடத்தான் வந்திருந்தார். “சார், மே மாசம் ஆனா 436 ரூபா எடுத்திருக்காங்களே, இது என்ன பேங்க் சார்ஜா?” என்று கேட்டார். அது சார்ஜ் இல்லை. 2015-ல் வந்த பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தின் பிரீமியம். முதலில் 330 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 436. நாமினிக்கு இரண்டு லட்சம். “அவுக ஒண்ணும் சொல்லலியே சார்” என்றார் அந்த அம்மா. ஃபாரம் வாங்கி நிரப்பினோம், பணம் வந்தது. அவர் பாஸ்புக்கைப் புரட்டாமல் கணக்கை மூடியிருந்தால்? பிரீமியம் தானாகப் போவதற்கு ஏற்பாடு செய்தவர்கள், பணம் தானாக வீடு போய்ச் சேர ஏற்பாடு செய்யவில்லையே! கன்சல்டன்ட்கள் யாராவது படித்தால் இதற்கு ஒரு ஸ்லைடு போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நம்மைப் போல ஊர் மாறிய குடும்பங்களில் இந்தத் தூரம் இன்னும் அதிகம். பாலிசி எடுத்தது ஊரில், சம்பளம் மும்பையில், நாமினி இன்னும் அப்பா பெயரில் (அவரே காலமாகியிருப்பார்). அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாப் பாலிசி நம்பரையும், சேவைக் கிளையையும், பாஸ்புக்கில் பிடிக்கிற 436 ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டம்மாவிடம் காட்டுங்கள். நாமினி, மொபைல் நம்பர், முகவரி மூன்றையும் சரிபாருங்கள். தாத்தா, அப்பா காலத்துப் பாலிசி இருந்தால் கம்பெனி இணையதளத்தில் ‘கோரப்படாத தொகை’ பகுதியில் தேடுங்கள். பத்து வருஷம் யாரும் கேட்காத பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். போன பிறகும் 25 வருஷம் வரை கேட்கலாம், ஆனால் அலைச்சல் உங்களுடையது.

கம்பெனிகள் தங்கள் பக்கத் தூரத்தை எப்போது குறைக்குமோ தெரியாது. நம் பக்கத் தூரத்தைக் குறைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தாதர் ஸ்டேஷன் வாசலிலேயே கிடைக்கும்.