ஊவாத் தோட்டப் பெண்பிள்ளைகளும் கலைத் தெரிவும்

தரம் ஆறுக்கு வரும் பிள்ளையிடம் அழகியல் பாடம் எது என்று கேட்கிறார்கள். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று பட்டியல் நீளும். ஆனால் நமுனுகுல, ஸ்பிரிங்வெலிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரிவு செய்யும் வேலையே இருப்பதில்லை. எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே அவள் பாடம். இது இன்று நேற்றுத் தொடங்கிய கதையல்ல.

பாடசாலை வருமுன்பே தோட்டத்தில் கலை இருந்தது. மாசி மாதம் பிறை கண்டு கம்பம் ஊன்றினால், இரவிரவாகத் தப்பொலி கேட்கும். ரதி மதன், தக்கன், வீரபத்திரன் என்று வேடங்கள் லயம் லயமாகப் போகும். காமன் எரிந்த பிறகு ரதியின் புலம்பலில் கிழவிகள் முந்தானையால் கண் துடைப்பார்கள். அந்த ரதி மீசை மழித்த ஓர் ஆண். பொன்னர் சங்கரிலும் அருச்சுனன் தபசிலும் இதே கதைதான். பெண்கள் பாய் விரித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கென்று தாலாட்டு, ஒப்பாரி, கும்மி இருந்தன. அவற்றைக் கலை என்று அன்று யாரும் சொல்லவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த பின்னர்தான் படித்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். அப்பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். மலையகத்தில் பெண்குரல் பொதுமேடையில் ஒலித்ததைப் பற்றி எழுதும்போது அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்; நமது பாடசாலை விழாக்களில் அவர் பெயர் ஏனோ வருவதில்லை.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று 1920இன் சட்டம் சொன்னது. இருந்தது ஓர் அறை, ஓர் ஆசிரியர், எழுத்தும் கணக்கும். பாட்டு, கூத்தெல்லாம் அந்த ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தவை. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நகரப் பாடசாலைகளுக்கு யாழ்ப்பாணத்து ஆசிரியைகள் வந்தபோது சங்கீதமும் அவர்களோடு வந்தது. 1931இல் தோன்றிய வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் பிற்காலத்தில் மலையகப் பிள்ளைகளையும் எட்டின. சென்னையில் ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய பிறகு, பரதம் கற்பது குடும்பப் பெண்ணுக்கு இழுக்கு என்ற பேச்சும் மெல்ல அடங்கியது.

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கூத்துக்களத்தில் பெண்ணுக்கு இடமில்லாத சமூகத்தில், கொழுந்து பறிக்கும் தாயின் மகள் பரிசளிப்பு விழாவில் விளக்கின் முன் நின்று ஆடினாள். அந்த மேடையைக் கொடுத்தது பாடசாலை.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அல்ல. சலங்கை, பட்டு, ஒப்பனை, மாலை ஒத்திகை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். காசு கிடைத்தாலும் கடைசி பஸ் காத்திராது. ஆகவே டவுன் பிள்ளை பரதத்துக்கும் தோட்டப் பிள்ளை கோலாட்டத்துக்கும் போனாள். கோலாட்டத்துக்கு இரண்டு கம்பு போதும், இடைவேளையிலேயே பழகிவிடலாம். தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் நம்மவர்கள் பேச்சு, பாவோதல் பக்கம் ஒதுங்கியதில் திறமையோடு பஸ் நேரத்துக்கும் பங்குண்டு. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னரும் அழகியல் ஆசிரியர் நியமனம் கடைசியாகத்தான் வந்தது.

வாசலுக்கு வெளியே நின்றது தப்பு. சாவீட்டு வாத்தியம் என்றும் இன்ன சாதிக்குரியது என்றும் பெற்றோர் முகம் சுளித்தார்கள், ஆசிரியர்களும் சுளித்தார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் கர்ணன் போர், இராவணேசன் என்று மட்டக்களப்புக் கூத்துக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தார். பக்கத்து மலைகளில் ஆடப்பட்ட காமன் கூத்துக்கு அந்த மதிப்பு அப்போது வரவில்லை. வந்தது 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்களோடு கூத்துப் பாட்டுக்களும் போயின. ஒரு தோட்டத்தில் ரதி பாட்டு முழுவதும் தெரிந்தவர் ஒருவரே என்றால், அவர் போனதோடு அந்தத் தோட்டத்தில் கம்பம் ஊன்றுவதும் நின்றது.

இன்று நாட்டுக்கூத்தைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதும் மகளின் லயத்திலேயே தப்படிக்கத் தெரிந்த மாமா ஒருவர் இருக்கக்கூடும். நூற்றாண்டை முன்னிட்டுப் பிள்ளைகளுக்குக் கலைக்கழகம் ஒன்று தொடங்கலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. அப்படித் தொடங்கினால் மாசி மாதத்தில் தொடங்கலாம். அந்த மாமாவுக்கு ஆசிரியருக்குரிய கொடுப்பனவைக் கொடுத்து அழைக்கலாம். ரதி வேடம் பெண்பிள்ளைக்கே கொடுக்கப்பட வேண்டும். ஒத்திகையைப் பாடசாலை நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் நமுனுகுல பிள்ளையும் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.