ஸ்டாக் கார் ரேஸ்: சாராயம் கடத்திய வண்டியில் இருந்து டேட்டோனா வரை... புதிய ரசிகர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, கார் ரேஸ் பக்கம் எட்டிப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் பலர். அப்படியே ரீல்ஸில் தள்ளிக்கொண்டே போனால் இன்னொரு வகை ரேஸ் கண்ணில் படும். நம்ம தெருவில் ஓடுகிற மாதிரி கார்கள், 40 வண்டிகள் ஒட்டி உரசிக்கொண்டு, ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அதுதான் ஸ்டாக் கார் ரேஸ். அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் தொடர்தான் இதில் பெரியது. இதில் ஓட்டிப் பெயர் வாங்கிய தமிழர் ஒருவரும் இருக்கிறார்.

'ஸ்டாக்' கார் என்றால் என்ன?

ஷோரூமில் விற்பனைக்கு ஸ்டாக் இருக்கும் கார் என்று பொருள். ஃபார்முலா 1 கார் ரேஸுக்காகவே செய்யப்படுவது. ஸ்டாக் கார் ரேஸோ, கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டுவதில் தொடங்கியது.

இன்று அது பெயரளவில்தான். வெளியே பார்த்தால் ஃபோர்டு மஸ்டாங், டொயோட்டா கேம்ரி போல இருக்கும். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, 5.8 லிட்டருக்கும் பெரிய வி8 இன்ஜின். கதவு திறக்காது, டிரைவர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஹெட்லைட் கூட வெறும் ஸ்டிக்கர்.

இது எப்படித் தொடங்கியது?

இந்தக் கதை காரைக்கால்காரர்களுக்குச் சட்டென்று புரியும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மதுவுக்கு வரி குறைவு, விலையும் குறைவு. கடல் உள்ள பக்கம் தவிர சுற்றிலும் தமிழ்நாடு. அதனால் வாஞ்சூர், நண்டலாறு சோதனைச்சாவடிகளில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வது இங்கே பழகிப்போன காட்சி.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கதைதான். அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது முடிந்த பிறகும் வரி கட்டாமல் காய்ச்சிய சாராயத்துக்கு மவுசு குறையவில்லை. மலைப்பாதையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடத்த, வெளியே சாதாரணமாகத் தெரியும் காரும் போலீஸ் வண்டியை முந்தும் இன்ஜினும் தேவைப்பட்டன. யார் வண்டி வேகம் என்ற பேச்சு, ஞாயிற்றுக்கிழமை மண் மைதானப் போட்டியாக மாறியது.

இப்படிச் சிதறிக் கிடந்த போட்டிகளுக்கு ஒரே விதிமுறை கொண்டுவந்தவர் பில் பிரான்ஸ். 1947 டிசம்பரில் புளோரிடா மாநிலம் டேட்டோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசினார்கள். 1948 பிப்ரவரியில் நாஸ்கார் பதிவானது. அப்போது டேட்டோனாவில் ரேஸ் நடந்தது கடற்கரை மணலில். ஒரு பக்கம் கடல் ஓர மணல், மறுபக்கம் தார் ரோடு. இரண்டையும் சேர்த்தால் ஒரு சுற்று.

1949 ஜூன் 19-ல் சார்லட் நகரில் முதல் 'ஸ்டாக் மட்டும்' போட்டி நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. பரிசோதித்தபோது காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றி அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அது சாராய லோடு ஏற்றிய வண்டி. டனவே தகுதி நீக்கம் செய்யப்பட்டார், வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. கார் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போயும் தோற்றார். ரேஸ் முடிந்ததும் காரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. விதி மீறினால் ஜெயித்த காருக்கும் வெற்றி பறிபோகும்.

ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

பெரும்பாலான டிராக்குகள் ஓவல், அதாவது நீள்வட்டம். திருநள்ளாறு கோயிலில் நாம் வலமாகச் சுற்றுவோம், இங்கே எப்போதும் இடமாக. வேகத்தில் கார் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்க, வளைவில் தரை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதன் பெயர் பேங்கிங். 1959-ல் திறந்த டேட்டோனா டிராக்கில் இந்தச் சாய்வு 31 டிகிரி. அதில் நடந்து ஏறவே மூச்சு வாங்கும்.

ஒரு மைலுக்கும் குறைவான டிராக் 'ஷார்ட் டிராக்'. டேட்டோனா, டாலடேகா போன்ற பெரியவை 'சூப்பர் ஸ்பீட்வே'. டேட்டோனா 500 என்றால் 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர். காரைக்காலில் இருந்து புதுச்சேரிக்கு மூன்று முறை போய்த் திரும்பும் தூரம். மொத்தம் 200 சுற்று.

அடிக்கடி காதில் விழும் வார்த்தைகள்

• டிராஃப்டிங்: முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதன் பின்னால் ஒட்டிப் போனால் காற்றின் எதிர்ப்பு குறைந்து, நம் காருக்கு வேகம் கூடும். இதைப் பிரபலப்படுத்தியவர் ஜூனியர் ஜான்சன். அப்பாவின் சாராயத்தைக் கடத்தி ஓட்டிப் பழகியவர், சாராய வழக்கில் 11 மாதம் சிறையிலும் இருந்தவர். 1960 டேட்டோனா 500-க்கான பயிற்சியில், தன்னைவிட வேகமான காரின் பின்னால் ஒட்டினால் தன் வண்டியும் ஈடுகொடுப்பதைக் கவனித்தார். அந்த ரேஸையே ஜெயித்தார்.

• லூஸ், டைட்: வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கி வெளியே போனால் 'லூஸ்'. ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு திரும்பாமல் நேராகவே போனால் 'டைட்'. ரேடியோவில் டிரைவர் புலம்புவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

• ஸ்பாட்டர்: டிரைவருக்குப் பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாது. ஸ்டேடியத்தின் உச்சியில் நின்று 'உள்ளே ஒரு கார், இப்போ கிளியர்' என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பவர்.

• பிட் ஸ்டாப்: ஐந்து பேர் சுவர் தாண்டிக் குதித்து, நாலு டயரும் மாற்றி, பெட்ரோலும் ஊற்றி அனுப்புவார்கள். எல்லாம் சுமார் 10 விநாடியில்!

• லக்கி டாக்: ஒரு சுற்றோ அதற்கு மேலோ பின்தங்கியவர்களில் முன்னால் இருப்பவருக்கு, மஞ்சள் கொடி விழுந்ததும் இழந்த ஒரு சுற்று திரும்பக் கிடைக்கும். ஓசிச் சுற்று!

• பிக் ஒன்: சூப்பர் ஸ்பீட்வேயில் ஒரு கார் தடுமாறினால், ஒட்டி வரும் பத்து இருபது கார்கள் மொத்தமாக மோதுவது.

• ஸ்டேஜ்: 2017 முதல் ரேஸைப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். இடையில் முடியும் பகுதிகளிலும் முதல் 10 இடங்களுக்குப் புள்ளிகள் உண்டு.

கொடிகள் சொல்வது என்ன?

• பச்சை: ஓட்டு.
• மஞ்சள்: ஆபத்து, முந்தக் கூடாது. பாதுகாப்பு கார் முன்னால் போகும்.
• சிவப்பு: எல்லோரும் நில்லுங்கள்.
• கருப்பு: குறிப்பிட்ட கார் பிட்டுக்கு வர வேண்டும்.
• வெள்ளை: கடைசிச் சுற்று.
• கருப்பு வெள்ளைக் கட்டம்: ரேஸ் முடிந்தது.

நம்ம ஆள் ஓட்டினாரா?

ஆமாம். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன்தான் அவர். சென்னையில் பிறந்து, கோவையில் வளர்ந்தவர். 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடருக்குப் போனார். பிக்அப் டிரக் வடிவ வண்டிகள் ஓடும் தொடர் அது. மார்ச் மாதம் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் 60-ம் எண் வண்டியில் முதல் ரேஸ். ஒரு சுற்று வெறும் 847 மீட்டர், பேப்பர் கிளிப் மாதிரி குறுகிய வளைவுகள், உரசாமல் தப்பவே முடியாது. அதில் 13-ம் இடம் பிடித்தார். அந்த ஆண்டு டிரக் தொடரில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 'மிகப் பிரபலமான டிரைவர்' விருதும் அவருக்குத்தான்.

ஊருக்கு ஒரு வழக்கம்

காரைக்காலில் மாங்கனித் திருவிழா என்றால் மாம்பழம் இறைப்பது போல, டிராக்குக்கு டிராக் ஒரு வழக்கம் உண்டு. மார்ட்டின்ஸ்வில்லில் ஜெயித்தால் பரிசு ஆளுயர ஊசல் கடிகாரம். 1964 முதல் இதுதான் நடைமுறை. இண்டியானாபோலிஸில் ஜெயித்தவர்கள் மண்டியிட்டு, கோட்டில் பதித்த செங்கலை முத்தமிடுவார்கள். 1996-ல் டேல் ஜாரட் தொடங்கி வைத்தது. 1988-ல் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி பெற்ற ஆலன் குல்விக்கி, தன் ஜன்னல் கூட்டத்தின் பக்கம் இருக்க வேண்டும் என்று எதிர்த் திசையில் ஒரு சுற்று ஓட்டினார். அதையும் இன்று பலர் செய்கிறார்கள். டயரைத் தேய்த்துப் புகை கிளப்பும் 'பர்ன் அவுட்' எல்லா ஊருக்கும் பொது.

இவ்வளவு மோதியும் எப்படித் தப்பிக்கிறார்கள்?

2001 பிப்ரவரி 18. டேட்டோனா 500-ன் கடைசிச் சுற்று. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. பார்க்கப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து அவர் இறந்துவிட்டார். ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் 'ஹான்ஸ்' என்ற கருவி அப்போதே இருந்தது, கட்டாயம் இல்லை. எர்ன்ஹார்ட் அதை அணியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தலையையும் கழுத்தையும் காக்கும் இத்தகைய கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. பிறகு மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் சுவர்கள் வந்தன. அதற்குப் பின் முதன்மையான கப் தொடரின் ரேஸ்களில் ஒரு டிரைவரும் உயிரிழக்கவில்லை. 2020-ல் டேட்டோனாவில் ரயன் நியூமனின் கார் தலைகீழாகப் பறந்தது. இரண்டாம் நாள் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையில் இருந்து நடந்து வெளியே வந்தார்.

கூண்டு, வலை, ஹான்ஸ், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் டிராக்கில் மட்டும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸின் பின்னால் ஒட்டிப் போவதற்கு டிராஃப்டிங் என்று பெயர் இல்லை. பஸ் பிரேக் போட்டால் தப்ப வழியும் இல்லை.

நேரில் பார்க்க, ஓட்ட?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தேசிய அளவிலான போட்டிகள் நடக்கின்றன. இரண்டும் ஓவல் அல்ல, இடமும் வலமும் திரும்பும் டிராக்குகள். ஷோரூம் கார்களை ரேஸுக்கு மாற்றி ஓட்டும் 'டூரிங் கார்' பிரிவுதான் ஸ்டாக் காருக்கு இங்கே நெருங்கிய சொந்தம். ஓட்ட ஆசை என்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் லைசென்ஸ் வேண்டும்.

டிவியில் பார்க்க நினைப்பவர்கள் டேட்டோனா 500-ல் தொடங்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கப் தொடரின் முதல் ரேஸ் அது. இந்திய நேரப்படி பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் பச்சைக் கொடி விழும், எனவே அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.