தீவை வலம் வந்த ஒரு நாள்

நியூயார்க் நகரின் மையப் பகுதியாகிய மன்ஹாட்டன் ஒரு தீவு என்பது பூகோள வகுப்பில் நாம் அனைவரும் படித்த செய்தி. மேற்கே ஹட்சன் ஆறும், கிழக்கே ஈஸ்ட் ரிவர் என்னும் கடற்கழியும், வடகிழக்கே ஹார்லெம் ஆறும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில்கூட 4 கிலோமீட்டரை எட்டாது. ஆயினும் அங்கு வாழ்வோர் பலர் தாம் தீவில் வாழ்வதாக உணர்வதில்லை. உயர்ந்த கட்டடங்களின் இடையே நடப்பவருக்கு நீர் கண்ணில் படுவதில்லை. ஆற்றின் அடியே சுரங்க ரயிலில் செல்பவரோ, தாம் ஆறு ஒன்றைக் கடந்துவிட்டோம் என்று நினைப்பதுகூட இல்லை.

இத்தீவை ஒரே பகலில், கரையோரமாகவே, கால்நடையாகச் சுற்றிவரும் வழக்கம் ஒன்று அந்நகரில் உண்டு. கரையில் நடப்போர் என்று பொருள்படும் ஷோர்வாக்கர்ஸ் சங்கத்தினர் மே மாதத்தின் முதற் சனிக்கிழமையில் இதனை நடத்தி வருகின்றனர். அச்சங்கத்தை 1982ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் சை ஆட்லர் என்பவர். நடையின் தூரம் 32 மைல். அதாவது 51 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அவர்கள் இதற்கு இட்ட பெயர் ‘கிரேட் சான்டர்’. சான்டர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆற அமர உலாவுதல் என்று பொருள். பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நடப்பதை உலா என்று அழைத்ததில் உள்ள நகைச்சுவை எனக்கு நண்பகலுக்குப் பிறகே விளங்கிற்று.

2019ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் காலை ஏழரை மணிக்கு நான் அக்கூட்டத்தில் ஒருவனாக நின்றேன். நாங்கள் கூடிய இடம் பேர்ல் தெருவிலுள்ள ஃபிரான்செஸ் உணவு விடுதி. விடுதலைப் போர் முடிந்தபின், 1783ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், ஜார்ஜ் வாஷிங்டன் தம் படைத் தலைவர்களிடம் விடைபெற்றது இங்கேதான். ஆயினும் என் கருத்தைக் கவர்ந்தது விடுதியன்று. அது நிற்கும் தெருவே. பேர்ல் தெரு இன்று நீரிலிருந்து விலகி உள்ளே கிடக்கிறது. டச்சுக்காரர் குடியேறிய காலத்தில் அதுவே கடல் அலை தொட்ட கரை. அங்குக் குவிந்து கிடந்த சிப்பிகளாலேயே அதற்கு முத்துத் தெரு என்னும் பெயர் வந்தது என்பர்.

கரை எவ்வாறு நகர்ந்தது? 1686ஆம் ஆண்டிலும் 1731ஆம் ஆண்டிலும் ஆங்கில அரசு வழங்கிய சாசனங்கள் கரையோர நிலத்தையும், பின்னர்க் கரையை அடுத்த நீரின் அடியிலுள்ள நிலத்தையும் நகராட்சிக்கு உரிமையாக்கின. நகராட்சி அந்த நீரைத் துண்டு துண்டாக வணிகர்க்கு விற்றது. வாங்கியவர் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் கொண்டனர். பேர்ல் தெருவுக்கு அப்பால் இன்று வரிசையாக உள்ள வாட்டர் தெரு, ஃபிரண்ட் தெரு, சவுத் தெரு ஆகிய மூன்றும் இவ்வாறு நீரிலிருந்து பிறந்தவையே. ஆகவே கரையைச் சுற்றப் புறப்பட்ட நாங்கள், முதலில் கரை எங்கே என்று தேடிச் செல்ல வேண்டியிருந்தது!

தென்முனையிலிருந்து மேற்குக் கரை வழியாக வடக்கே ஏறிக் கிழக்குக் கரை வழியாக இறங்குவது முறை. அவ்வாறு செல்லுங்கால் தீவு எப்போதும் வலக்கைப் புறத்திலேயே இருக்கும். மலையை வலம் வரும் நாட்டிலிருந்து சென்றவனுக்கு இது இயல்பாகவே பட்டது. உடன் நடந்தவர்க்கு அதன் பொருளை விளக்கத்தான் சிறிது நேரம் பிடித்தது.

மேற்குக் கரையின் தொடக்கத்தில், 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த இடத்துக்கு அருகே செல்கிறோம். அன்று பாலங்களும் சுரங்கங்களும் அடைக்கப்பட்டபோது, தோணித்துறைப் படகுகளும் இழுவைப் படகுகளும் மீன்பிடி படகுகளும் தாமாகவே திரண்டு வந்து, ஏறக்குறைய 5 லட்சம் மக்களை அக்கரை சேர்த்தன. தாம் வாழ்வது தீவு என்பதை அவ்வூரார் அன்று உணர்ந்தனர்.

அதற்கு வடக்கே கப்பற்றுறைகளின் பகுதி. 1870ஆம் ஆண்டில் நகராட்சி துறைமுக இலாகா ஒன்றை அமைத்துக் கரையைத் தன் ஆட்சியில் மீட்டு, கற்சுவர் எழுப்பி, துறைகளைக் கப்பல் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. ‘மோபி டிக்’ நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில், எழுத்தால் பிழைக்க இயலாது 1866ஆம் ஆண்டு முதல் 19 ஆண்டுகள் சுங்க அதிகாரியாக உழைத்தது இத்துறைகளில்தான். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, டைட்டானிக் கப்பலில் உயிர் பிழைத்த எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கார்பேதியா கப்பல் 54ஆம் எண் துறையில் இறக்கிற்று. அத்துறையின் இரும்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அதனடியில் சற்று நின்றேன். பின்னால் வந்தவர்கள் நெருக்கவே நகர்ந்தேன்.

இத்துறைகள் அழிந்தது போரினாலன்று, ஒரு பெட்டியினால். 1956ஆம் ஆண்டில் மால்கம் மெக்லீன் என்பவர் சரக்குகளைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்துப் பெட்டியோடு கப்பலேற்றும் முறையைத் தொடங்கினார். அதற்குப் பரந்த வெளி வேண்டும். மன்ஹாட்டனில் அது ஏது? வாணிகம் எதிர்க்கரையிலுள்ள நியூ ஜெர்சிக்குப் போய்விட்டது. துறைகள் மக்கின, சுமை தூக்கியோர் வேலையிழந்தனர்.

கப்பல் போன பிறகாவது கரை மக்களுக்குக் கிடைத்ததா? இல்லை. அதற்கு முன்னரே மோட்டார் சாலைகள் கரையைச் சூழ்ந்துகொண்டிருந்தன. மேற்கே தூண்கள்மேல் எழுப்பிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, 1973ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு லாரியின் பாரம் தாங்காது இடிந்து விழுந்தது. அந்த லாரி ஏற்றிச் சென்றது அதே சாலையைப் பழுது பார்ப்பதற்கான தார்க்கலவை! பின்னர், ஹட்சன் ஆற்றின் ஓரத்தைத் தூர்த்துப் புதிய பெருஞ்சாலை அமைக்கத் திட்டம் தீட்டினர். வெஸ்ட்வே என்பது அதன் பெயர். பாழடைந்த துறைகளின் அடியில் வரியுள்ள பாஸ் என்னும் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதை எதிர்ப்பாளர் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டினர். வழக்கு நீண்டது, 1985ஆம் ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. 1998ஆம் ஆண்டில் அக்கரையைப் பூங்காவாக்கச் சட்டம் பிறந்தது. ஆட்லரும் நண்பர்களும் முதன்முதல் நடந்த காலத்தில் இங்குத் தொடர்ந்த பாதையே கிடையாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பாதை கிடைத்த பிறகு நடந்தவர்களல்லர் அவர்கள்.

ரிவர்சைடு பூங்காவின் நிழலில் நடை எளிது. ஆயின் ஹார்லெமுக்கு மேற்கே, 137ஆம் தெருவையடுத்து, ஆற்றின்மீதே எழுந்த பெரும் கட்டடம் ஒன்று எதிர்ப்படும். அது கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம். முதலில் தெற்கே, வசதி படைத்தோர் வாழும் 72ஆம் தெருவருகே அமைக்கக் கருதியதை, கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த இப்பகுதிக்கு மாற்றினர். 1986ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கியதும் நாற்றம் தாங்காது மக்கள் போராடினர். அவர்களுக்கு ஈடாக அதன் கூரைமேல் அமைத்த பூங்கா 1993ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஓர் ஊரின் கரையில் எதனை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால், யாருடைய மூக்கை மதித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

பிற்பகல் ஒன்றரை மணியளவில் வடமுனையிலுள்ள இன்வுட் பூங்காவை அடைந்து உணவுண்டோம. அங்குள்ள பாறையொன்றின் பட்டயம், 1626ஆம் ஆண்டில் பீட்டர் மினூயிட் என்னும் டச்சுக்காரர் பழங்குடி மக்களிடமிருந்து தீவை வாங்கியது இங்கேதான் என்கிறது. மாணவர்கள் இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அக்காலச் சான்றாக நமக்கு எஞ்சியிருப்பது அவ்வாண்டு நவம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதம். 60 கில்டர் மதிப்புக்குத் தீவு வாங்கப்பட்டது என்று அது கூறுகிறதேயன்றி, இடத்தைக் கூறவில்லை. விற்றவர் பெயரையும் கூறவில்லை. நிலத்தை விற்பது என்பதை லெனாப்பே மக்கள் டச்சுக்காரர் கொண்ட பொருளிலேயே கொண்டனரா என்பது வேறு கேள்வி.

இங்கேதான் என் பிழையும் வெளிப்பட்டது. நடைக்கென்று புதிய காலணி வாங்கி அணிந்திருந்தேன். அதனினும் பெரிய அறியாமை வேண்டியதில்லை. உணவுக்குப் பின் எழுந்தபோது இடக்காலில் இரண்டு கொப்புளங்கள். அருகிலிருந்த முதிய பெண்மணி ஒருவர் ஒன்றும் கேளாமல் தம் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்துத் தந்து, இதுவரை நடந்தது பாதியே என்பதையும் தெரிவித்தார்.

ஹார்லெம் ஆற்றோரம் ஹை பிரிட்ஜ் என்னும் கற்பாலத்தைக் கண்டோம். 1848ஆம் ஆண்டில் நகருக்குக் குடிநீர் கொண்டுவரக் கட்டியது. நெடுநாள் மூடிக் கிடந்து, 2015ஆம் ஆண்டில் நடப்பவர்க்கு மீண்டும் திறந்தது. அதற்குத் தெற்கே 155ஆம் தெருவிலிருந்து பாதை கரையைக் கைவிடுகிறது. நீரோரத்தை மோட்டார் சாலை எடுத்துக்கொண்டது. ஆகவே ஹார்லெம் தெருக்களினூடே, மளிகைக் கடைகளையும் தேவாலயங்களையும் கடந்து, ஆறு எங்கோ இடப்புறம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நொண்டியவாறு நடந்தேன். நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் மும்முறை வந்தது. ஒவ்வொரு முறையும் சுரங்க ரயில் நிலையம் ஒன்று எதிரே நின்றதே அதற்குக் காரணம்.

கிழக்குக் கரையை மீண்டும் கண்டபோது மாலையாகிவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் கட்டடங்களை ஒட்டியும் கரையில் வழியில்லை. ஏறக்குறைய 60ஆம் தெருவிலிருந்து 38ஆம் தெரு வரை உட்புறம் நடந்தோம். (அதில் 53ஆம் தெருவுக்கு வடக்கேயுள்ள பகுதியில் 2023ஆம் ஆண்டில் கரைப்பாதை திறக்கப்பட்டது.) 25ஆம் தெருவருகே பிரிஸ்டல் பேசின் என்றோர் இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் நொறுங்கிய இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வீடுகளின் செங்கல்லும் கல்லும், சரக்கின்றித் திரும்பிய கப்பல்களில் அடிப்பாரமாக வந்து, இங்கே சாலைக்கு அடித்தளமாயின. 1942ஆம் ஆண்டில் வைத்த பட்டயம் அதனைச் சொல்கிறது. வேறோர் ஊராரின் வீட்டுச் சுவர்கள்மேல் நான் நடந்துகொண்டிருந்தேன்.

புரூக்ளின் பாலத்தின் அடியைக் கடந்து, விடுதி வாசலை மீண்டும் அடைந்தபோது மணி எட்டே கால். அங்கு நின்ற ஒருவர் என் பெயரைக் கேட்டுப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டாகவே இறங்க முடிந்தது. வண்டி புரூக்ளினை நோக்கி ஆற்றின் அடியே புகுந்தபோது காது சற்று அடைத்தது. எதிரே அமர்ந்திருந்தவர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை.