பீரோச் சாவியும் வழங்கல் பதிவேடும்: தொடக்கப் பள்ளி நூலகத்தில் கற்றல் பற்றி ஓர் ஆராய்ச்சி

தொடக்கப் பள்ளி நூலகங்களைப் பற்றி ஆராயப் புகுவோர், நூல்களின் பற்றாக்குறையையும் பிள்ளைகளின் வாசிப்பு ஆர்வக் குறைவையும் முதற்கண் எடுத்துரைத்து, அவற்றை நீக்கும் உபாயங்களாகக் கதை சொல்லுதல், ஓவியப் போட்டி, நாடகம் முதலியவற்றைப் பரிந்துரைத்து அமைவது வழக்கமாகிவிட்டது. நூலகத்தை நடத்தும் வேலையே அதன் முதற் பாடம் என்பதும், அவ்வேலை பிள்ளைகளின் கைக்கு வராதிருப்பதற்குக் காரணம் புத்தகத்திற்கு நாம் கணக்கு வைக்கும் முறையே என்பதும் என் அபிப்பிராயம். அதனைக் கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடுவாக வைத்து இங்கே நிறுவ முயல்கிறேன்.

நூல்கள் இல்லை என்னும் குறை இன்று முன்போல் அவ்வளவு மெய்யன்று. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், செய்தித்தாளும் பருவ இதழும் கதைப் புத்தகமும் கொண்ட நூலகம் ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டுமென்று தன் அட்டவணையிலேயே விதித்திருக்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் பள்ளியின் நிலைக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை ஆண்டு மானியம் ஒதுக்குகிறது. ‘புத்தகப் பூங்கொத்து’ வகுப்பறைக்கே நூல்களைக் கொண்டுவந்தது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களைக் கல்வித் துறையே வெளியிடுகிறது. ‘வாசிப்பு இயக்கம்’ 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக மெல்லிய சிறு நூல்களை அனுப்பி வருகிறது. இவ்வளவும் வந்து சேர்ந்த பிறகும், எத்தனையோ பள்ளிகளில் அவை தலைமையாசிரியர் அறையிலுள்ள இரும்பு பீரோவுக்குள், சாவி திரும்பிய நிலையில், புது மை மணம் மாறாமலே இருக்கின்றன.

இதற்கு ஆசிரியரை நோவதில் நியாயமில்லை. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு நூலும் நாற்காலியையும் சுவர்க்கடிகாரத்தையும் போல இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. மாறுதலோ ஓய்வோ பெற்றுப் போகும்போது பொறுப்பை ஒப்படைப்பவர் அப்பதிவேட்டின்படி எண்ணிக் கொடுக்க வேண்டும். தணிக்கையில் ஒன்று குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். நாற்காலி உபயோகத்தால் ஒரே நாளில் மறைந்து போவதில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் முப்பது பக்கப் படக்கதை மறைந்தே போகும். இரண்டையும் ஒரே பதிவேட்டில் வைத்த பிறகு, நூலைப் பூட்டி வைப்பவரே பொறுப்புள்ளவர் என்றாகிவிடுகிறது.

பூட்டி வைத்த ஏட்டுக்கு நேரும் கதியைத் தமிழ் நாட்டார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத சிதம்பரத்தில், தேவார ஏடுகள் முத்திரையிட்ட அறையொன்றில் கிடந்து செல்லரித்துப் போயின என்றும், எஞ்சியவற்றையே சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அதனைச் சரித்திரமாகக் கொள்வதா ஐதிகமாகக் கொள்வதா என்பது வேறு விசாரணை. அறையைக் காத்தவர்கள் ஏட்டைக் காக்கவில்லை என்பதைத் தமிழர் எக்காலத்தும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதையே சான்று.

அதே வட்டாரத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்து, வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையை அங்கே நிலைநிறுத்தியவர். நூலக இயலின் ஐந்து விதிகளை அவர் 1931இல் வெளியிட்டபோது முதல் விதியாக வைத்தது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அவ்வாண்டிலேயே மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் அனுப்பினார். பள்ளி நூலகத்தைப் பற்றி அரங்கநாதன் தனி நூலே எழுதியிருக்க, அவர் பிறந்த மண்ணுக்கு அண்மையிலேயே பீரோக்கள் பூட்டிக் கிடப்பது நகைப்புக்கு இடமானதே.

இனிச் செயற்பாடுகளைக் கவனிப்போம். கதை சொல்லுதலின் மதிப்பை நான் குறைத்துக் கூறவில்லை. குஜராத்தி ஆசிரியர் கிஜுபாய் பதேகா ‘பகற்கனவு’ என்று தமிழிலும் வழங்கும் தம் நூலில், கதையைக் கொண்டே ஒரு முரட்டு வகுப்பை வசப்படுத்திய ஆசிரியரைக் காட்டுகிறார். ஆயினும் அந்நூலில் நம் விஷயத்திற்கு மிகவும் உரியது வேறோர் இடம்: பிள்ளைகள் தனித்தனியே பாடநூல் வாங்கச் செலவிடும் பணத்தை ஒன்றுசேர்த்து, அதனால் பலவேறு கதை நூல்களை வாங்கி, வகுப்புக்கே பொது நூலகமாக்குகிறார் அவ்வாசிரியர். ஒரே நூலின் நாற்பது பிரதிகளுக்குப் பதிலாக நாற்பது நூல்கள் வந்த மாத்திரத்தில், யார் எதை எடுப்பது, எப்போது திருப்பித் தருவது, கிழிந்தால் என் செய்வது என்னும் கேள்விகள் தாமே எழுகின்றன. இக்கேள்விகளைப் பிள்ளைகளே தீர்க்கட்டும் என்று விடுவதுதான் நூலகக் கல்வியின் தொடக்கம்.

வழங்கல் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கோடிட்ட நோட்டில் வரிசை எண், நூலின் பெயர், பெறுபவர் பெயர், நாள், கையொப்பம் என்று கட்டம் போடுகிறாள். வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் தலைப்பெழுத்தின் அவசியம் அப்போதே விளங்குகிறது. திருப்பித் தந்த நாளுக்குக் கட்டம் விடாத பிழை அடுத்த வாரமே வெளிப்பட்டு, அவள் அடிக்கோலை வைத்து ஓரத்தில் இன்னொரு கோடு கிழிக்கிறாள். ஆமையும் முயலும் வரும் புத்தகத்தை விலங்குகளோடு வைப்பதா கதைகளோடு வைப்பதா என்று இரண்டு பிள்ளைகள் வாதிடும்போது, அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட நேர்ந்த பிரச்சினையின் வாயிலில் அவர்கள் நிற்கிறார்கள். கிழிந்த முதுகுக்கு மைதாப் பசையும் பழைய வேட்டித் துண்டும் கொண்டு ஒட்டுப் போடுகிறவன், நூலுக்கு முதுகு உண்டு என்பதையும், தாள்கள் தையலால் நிற்கின்றன என்பதையும் எந்தப் பாடநூலும் கற்பிக்காத வகையில் கற்கிறான். போட்டி வைத்துப் பென்சில் பெட்டி பரிசளிப்பதால் இத்தகைய அறிவு வந்ததாக நான் காணவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பிள்ளைகளுக்கு இவ்விஷயத்தில் மற்றை ஊரார்க்கு எளிதிற் கிட்டாத ஒரு சௌகரியம் உண்டு. அங்குள்ள கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் வீரராஜேந்திரன் காலத்து நெடுஞ்சாசனம், அரசனது மெய்க்கீர்த்தியைச் சொல்லி முடித்தபின், ஊர் ஊராக நிலத்தையும் கோயிலுக்கு வரவேண்டிய நெல்லையும் நுணுக்கமாகக் கணக்கிடும் ஒரு பதிவேடேயாகும். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்லூரியைப் பற்றிப் பொறித்த சாசனமும் அத்தகையதே: 340 மாணாக்கர், அவர்களுள் இளையோர் 270, மூத்தோர் 70, ஆசிரியர் 14 என்று எண்ணி, இன்னார்க்கு இவ்வளவு நெல் என்று வகுத்துவிட்டது. அந்தக் கல்லூரி வேதம் ஓதுவார்க்கு மட்டும் திறந்திருந்தது என்பதை மறைத்துவிட்டு அதனைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் கல்விக்கென ஒதுக்கியதை ஆள்வாரியாக எழுதிவைத்த ஒழுங்கு நாம் கற்கத் தக்கது. தன் வகுப்பின் வழங்கல் பதிவேட்டை ஓராண்டு எழுதிப் பழகிய பிள்ளையை அக்கல்வெட்டின் முன் நிறுத்தினால், அது போர்க்கதையைத் தேடாமல் பெயரையும் எண்ணையும் தேடும். புள்ளியிடாத எழுத்துகளுக்கிடையே ட, ப, ம என்பவை தன் எழுத்துகளே என்று கண்டுகொண்டு, கல்லைத் தொடாமல் கண்ணால் பார்த்து நோட்டில் வரைந்துகொள்வதற்குத் தொல்லியல் துறையின் அனுமதியும் வேண்டியதில்லை.

அவ்வாறு எழுதிய நோட்டுகள் நூலகத்திலேயே வரிசை எண் பெற்று இடம்பெற வேண்டும் என்பது அடுத்த படி. மாளிகைமேட்டு அகழாய்வைப் பற்றி ஊரார் சொல்வது, 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்து அணை கட்டுவதற்காகக் கோயில் மதிலின் கற்கள் போன செய்தி, முந்திரிக் காலத்தில் வீட்டில் நடக்கும் வேலை, அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடற்சிப்பிப் புதைபடிவம், இவை பற்றியெல்லாம் அச்சிட்ட குழந்தை நூல் கிடைக்கும் வரை காத்திராமல் பிள்ளைகளே எழுதலாம். உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் ஆசிரியரைத் தேடிப் பாடம் கேட்ட காலத்தில், ஏட்டைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்வதே கற்றலின் ஒரு பகுதியாக இருந்தது. அச்சு நூலின் பெருக்கத்தால் அப்பழக்கம் தேய்ந்தது. தொடக்கப் பள்ளியிலேனும் அதனை மீட்பது பிற்போக்காகாது.

இதற்கெல்லாம் எதிராகக் கூறத்தக்க ஆட்சேபம் ஒன்றே: நூல்கள் தொலையும். தொலையும் என்பது உண்மை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் அதனை எதிர்பார்த்தே, வழங்கியும் பார்வையிட்டும் புழங்கும் ஆயிரம் நூல்களுக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இழப்பதை, வஞ்சனையோ கவனக்குறைவோ காரணமாகாத வரையில், இயல்பான இழப்பாக ஏற்கின்றன. இழப்புக்கு வரம்பு இருப்பு எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, புழக்கத்தைப் பொறுத்தது என்பதே இவ்விதியின் நுட்பம். அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் வாரத்திற்கு ஒரு நூல் வீதம் நாற்பது வாரம் எடுத்தால் 2,400 வழங்கல். அதற்கு 12 நூல்கள் வரை தள்ளுபடி செய்யலாம். பீரோ திறவாத பள்ளிக்குத் தள்ளுபடி ஒன்றும் இல்லை. அங்கே கரையான் தின்ற நூலுக்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும். இவ்விதியை ஒட்டி மாநிலக் கல்வித் துறை தொடக்கப் பள்ளிகளுக்குத் தனி ஆணை பிறப்பித்து, நூல்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து பிரித்து, பிள்ளைகள் எழுதும் வழங்கல் பதிவேட்டையே தணிக்கைக்குரிய ஆவணமாக ஏற்குமானால், சாவியை ஆணியில் மாட்டிவைப்பதற்கு எந்தத் தலைமையாசிரியரும் அஞ்ச வேண்டியிராது.