ஈரலைக் கெடுத்தது யார்?

ரத்த தானம் செய்ய வந்தவரைத் திரும்பக் கூப்பிட்டு, "உங்க ரத்தத்துல மஞ்சக்காமாலை கிருமி இருக்குண்ணே, இனிமே யாருக்கும் ரத்தம் குடுக்காதீங்க" என்று சொல்வது ரத்த வங்கி வேலையில் யாருக்கும் பிடிக்காத பகுதி. மதுரைப் பக்கம் ஒரு ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்த காலமெல்லாம் அது என் தலையில்தான் விழுந்தது. கேட்டவர்கள் அழுததில்லை, கோபப்பட்டதும் குறைவு. சந்தேகம்தான் படுவார்கள். "மூட்டை தூக்குறேன், கபடி ஆடுறேன், ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறேன். கிருமி இருந்தா ஈரல் கெட்டிருக்கணுமே தம்பி?" ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவைப் பார்த்தால் அவர்களுடையது என்னுடையதைவிட நன்றாக இருக்கும். "நீங்க கேரியர்ணே, நோவு இல்லாம கிருமியைச் சுமக்கிறவர்" என்போம். அது பதில் ஆகாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்த மூட்டை தூக்குகிறவரின் கேள்வி மருத்துவ உலகத்தை வெகுகாலம் அலைக்கழித்த கேள்வி. வைரஸ் ஈரலில் குடியிருக்கிறது, ஈரல் நன்றாக இருக்கிறது. இன்னொருவருக்கு அதே வைரஸ், ஈரல் ஒரே வாரத்தில் வெந்துபோகிறது. அப்படியானால் ஈரலைக் கெடுப்பது யார்?

காமாலை ரத்தத்தின் வழியாகப் பரவும் என்று முதலில் தெரிந்ததே தடுப்பூசியால்தான். 1883-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்கு அம்மை குத்தினார்கள். மனித உடம்பிலிருந்து எடுத்த அம்மைப்பாலைக் கிளிசரினில் கலந்து குத்துவது அன்றைய வழக்கம். குத்திக்கொண்ட 1,289 பேரில் 191 பேருக்குப் பின்னால் காமாலை வந்தது. லூர்மன் என்ற மருத்துவர் அதை 1885-ல் எழுதிவைத்தார். 1942-ல் அமெரிக்க ராணுவத்துக்கு அதே கதி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கெடாமல் இருக்க அதில் மனித சீரம் சேர்த்திருந்தார்கள். சுமார் 50,000 வீரர்கள் காமாலையோடு படுத்தார்கள். 1980-களில் அந்தப் பழைய வீரர்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, தொற்று ஏறியது ஏறத்தாழ 3,30,000 பேருக்கு என்று கணக்கு வந்தது. அதாவது ஆறில் ஐந்து பேருக்குக் கண்கூட மஞ்சளாகவில்லை. நம் கபடி ஆட்டக்காரர் அங்கேயும் லட்சக்கணக்கில் இருந்திருக்கிறார்.

கிருமியைப் பிடித்தவர் காமாலையைத் தேடிப் போகவே இல்லை. பரூக் பிளம்பெர்க் அமெரிக்கர், 1925-ல் பிறந்தவர். மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதே அவருடைய ஆர்வம். அதற்காக உலகம் முழுவதிலிருந்தும் சீரம் சேர்த்துவைத்திருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடம்பில் பிறருடைய புரதங்களுக்கு எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கும், அதை வைத்துப் புதிய புரதங்களைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

கருவி வெறும் அகர் தட்டு. எங்கள் படிப்புக் காலத்தில் நாங்களும் போட்டிருக்கிறோம். உருக்கிய அகரைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு. குழாய் முனையால் அழுத்திவிட்டு உள்ளே இருக்கும் துண்டை உறிஞ்சி எடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கை கொஞ்சம் சாய்ந்தால் குழியின் ஓரம் கீறும், சீரம் அடியில் கசிந்து ஓடிவிடும், அன்றைய பிழைப்பு போச்சு. சரியாக வெட்டி, நடுவில் எதிர்ப்பொருள் உள்ள சீரத்தையும் சுற்றிலும் சோதிக்க வேண்டியதையும் விட்டு, ஈரத்துணியோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம். இரண்டும் அகருக்குள் ஊறி வந்து சந்திக்கும் இடத்தில், பொருத்தம் இருந்தால், மறுநாள் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கும். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் சில கோடுகள் தெரியும்.

1963-ல் பிளம்பெர்க்கும் ஹார்வி ஆல்ட்டரும் பார்த்த கோடு அப்படிப்பட்டது. ஒரு பக்கம் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட, நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபீலியா நோயாளியின் சீரம். மறுபக்கம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடையது. அதுவரை அவர்கள் பார்த்த கோடுகள் கொழுப்புக்கான சாயத்தை நன்றாக ஏற்றவை. இது அதை அவ்வளவாக ஏற்கவில்லை, புரதச் சாயத்தில் சிவந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்து 1965-ல் வெளியிட்டார்கள். தலைப்பில் இருந்தது ரத்தப் புற்றுநோய், காமாலை இல்லை.

அதைக் காமாலையோடு முடிச்சுப் போட்டதில் ஒரு டெக்னீஷியனுக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குத் தனிப் பெருமை. ஃபிலடெல்ஃபியாவில் பிளம்பெர்க்கின் ஆய்வகத்தில் அந்த ஆன்டிஜெனைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தவர் பார்பரா வெர்னர். 1967-ல் அவருக்கு உடம்பு அசதியாக இருந்தது. தன் சீரத்தையே தட்டில் போட்டார். முன்பு சோதித்தபோது இல்லாத கோடு, மங்கலாக, இப்போது இருந்தது. பிறகு காமாலை வந்தது. பிழைத்துக்கொண்டார். கையுறை போடாமல் வாயால் பிப்பெட் உறிஞ்சிய தலைமுறைக்கு இந்தச் சம்பவம் புத்தகச் செய்தி மட்டும் அல்ல.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தினார்கள். 1970-ல் லண்டனில் டேவிட் டேன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அந்த ஆன்டிஜெனை மேலுறையாகக் கொண்ட முழு வைரஸையே பார்த்தார். அதுதான் ஹெபடைடிஸ் பி வைரஸ். 1976-ல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு. ஆல்ட்டர் 2020 வரை காத்திருந்தார், அவருக்குக் கிடைத்தது ஹெபடைடிஸ் சி-க்காக.

கிருமி கிடைத்தும் மூட்டை தூக்குகிறவரின் கேள்வி அப்படியேதான் நின்றது. விசித்திரம் கூடவும் செய்தது. டயாலிசிஸ் பிரிவுகளில் கவனித்தார்கள்: சிறுநீரகம் கெட்டு எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளிக்கு வைரஸ் ஏறினால் பெரும்பாலும் சத்தமே இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் ரத்தத்தை விட்டுப் போகாது. அவருக்கு ஊசி போட்ட ஆரோக்கியமான நர்ஸ் அம்மாவுக்கோ கடுமையான காமாலை, அப்புறம் வைரஸ் அடியோடு காலி. பலவீனனை விட்டுவிட்டுப் பலசாலியைப் படுக்கவைக்கும் கிருமி உண்டா? பழி எங்கே விழ வேண்டும் என்று சிலருக்கு அப்போதே தோன்றியது. தோன்றுவது வேறு, நிரூபிப்பது வேறு.

நிரூபிக்க எலி வேண்டும், ஆனால் இந்த வைரஸ் எலியைத் தொடாது. மனிதனும் சிம்பன்சியும்தான் அதற்கு ஒத்துவரும். கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் பிரான்சிஸ் கிசாரி சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார். வைரஸின் மரபணுவையே எலிக் கருவில் புகுத்திவிட்டால்? 1985-ல் அப்படிப் பிறந்த எலிகளைப் பற்றி எழுதினார். அவற்றின் ஈரல் ஓயாமல் ஆஸ்திரேலியா ஆன்டிஜெனைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. எலிகள் தின்றன, ஓடின, குட்டி போட்டன. ஈரலில் கோளாறு இல்லை. பிறந்ததிலிருந்தே கூட இருக்கும் புரதம் என்பதால் அவற்றின் உடம்பு அதைச் சொந்தம் என்றே நினைத்தது.

அடுத்ததுதான் ஆட்டம். மரபணு புகுத்தாத சாதாரண எலிகளில் இதே ஆன்டிஜெனுக்கு எதிராக டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளையணுக்களை உசுப்பிவிட்டு, அவற்றைப் பிரித்து, கேரியர் எலிகளின் ரத்தத்தில் ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஈரல் செல்கள் சாக ஆரம்பித்தன. சில நாளில் மனிதனின் காமாலையைப் போலவே அழற்சி. எலிகளும் அவற்றின் ஈரலும் முந்தைய நாள் இருந்தவையே. புதிதாக வந்தது காவல்படை மட்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் யார் என்பது கையும் களவுமாகத் தெரிந்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். கணக்கு இடித்தது. கடுமையான தொற்றில் ஈரல் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு செல்லையும் கொன்றுதான் வைரஸை விரட்ட முடியும் என்றால், குணமான ஒவ்வொருவரும் ஈரல் இல்லாமல் செத்திருக்க வேண்டும். பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் பிழைத்து எழுந்துவிடுகிறார்களே! 1996-ல் கிசாரியும் லூக்கா குய்தோத்தியும் விடை சொன்னார்கள். டி செல்கள் கொல்வது கொஞ்சம்தான். இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிப்பொருளைச் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களை உயிரோடு வைத்தே உள்ளே இருக்கும் வைரஸைத் துடைக்கவைக்கின்றன. 1999-ல் சிம்பன்சிகளில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: ஈரல் சேதம் உச்சத்தைத் தொடும் முன்பே வைரஸின் பெரும்பகுதி போயிருந்தது.

இந்தக் கடைசி வரியை நான் படித்தபோது ஞாபகத்துக்கு வந்தது கீழாநெல்லி. கண் மஞ்சளானதும் பாட்டி வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து கொடுப்பார், பத்து நாளில் பிள்ளை எழுந்து உட்காரும். எழுந்து உட்கார்ந்தது நிஜம். ஆனால் பாட்டி அம்மியில் கைவைத்த நேரத்தில் உள்ளே சண்டை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். கிராமத்தில் வரும் காமாலையில் பெரும்பங்கு தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைகள், அவை பெரும்பாலும் தானாகத் தீரக்கூடியவை.

அப்படிச் சொல்லி ஒதுக்கிவிடாமல் சோதித்துப் பார்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன். ஃபிலடெல்ஃபியாவில் பிளம்பெர்க்கின் குழுவில் வெங்கடேஸ்வரன் இதே செடியின் சாற்றை வைரஸின்மேல் சோதித்துக்கொண்டிருந்தார். மூவரும் மற்றவர்களும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். கேரியர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்த வருஷம் எங்கள் லேபில் வேறு பேச்சே இல்லை. பேப்பரைப் படித்துவிட்டு செடியோடு வந்து நின்ற கேரியர்களும் உண்டு. பிறகு தாய்லாந்திலும் மற்ற நாடுகளிலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. இன்று வரைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்பதே நிலவரம். இதை நம்மூருக்கு அவமானம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பாட்டி வைத்தியத்தை மாத்திரைக்கு மாத்திரை எதிரே நிறுத்தி, உலகமே சரிபார்க்கும்படி எண்களை வெளியில் வைத்தார்கள். சரிபார்த்தவர்களுக்கு வேறு விடை வந்தது. ஆராய்ச்சி இப்படித்தான் நடக்கும். 'எட்டே நாளில் காமாலை காலி' என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்திருப்பவரிடம் அந்த 37, 22 எதுவும் கிடையாது.

கேரியர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதிலும் ஈரலின் குணம் இருக்கிறது. குடலில் உறிஞ்சப்பட்டது பெரும்பாலும் முதலில் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். சாப்பிட்ட ஒவ்வொரு அன்னியப் பொருளுக்கும் அது கொதித்து எழுந்தால் நாம் பிழைக்க முடியாது. பொறுத்துப்போவது அதன் சுபாவம். 1969-ல் கேம்பிரிட்ஜில் ராய் கான் பன்றிகளுக்கு ஈரல் மாற்றி வைத்தபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் பல பன்றிகள் வாழ்ந்தன. ஈரல் கொடுத்த அதே பன்றியின் சிறுநீரகத்தை வைத்தபோதும் உடம்பு மறுக்கவில்லை. இந்தப் பொறுமையோடு பச்சைக் குழந்தையின் பழகாத எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தால் வைரஸுக்குக் கொண்டாட்டம். தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றிக்கொண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் கேரியர்களாகவே வளர்கிறார்கள். எங்கள் கபடி ஆட்டக்காரர்களில் பலரும் அப்படி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

"அப்ப ஆபத்து இல்லைதானே?" என்றால், இருக்கிறது. தைவானில் பால்மர் பீஸ்லி 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981-ல் எழுதினார். ஈரல் புற்றுநோயில் இறந்த 41 பேரில் 40 பேர் கேரியர்கள். வென்று முடிக்கவும் தெம்பில்லாமல் சும்மா விடவும் மனமில்லாமல் டி செல்கள் வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டே இருந்தால், செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல் பிறந்து பிறந்து ஒருநாள் தவறான செல் பிறந்துவிடும். எதிர்ப்புச் செல்களின் அரிப்பு மட்டுமே இதற்குப் போதும் என்று கிசாரியின் எலிகள் 1998-ல் காட்டின.

அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. கேரியர்களின் ரத்தத்திலிருந்தே ஆன்டிஜெனைப் பிரித்துச் செய்த தடுப்பூசி 1981-ல் வந்தது, ஈஸ்ட்டில் வளர்த்தது 1986-ல். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் உள்நாட்டிலேயே செய்த பிறகுதான் நம்மூர் ஆட்களுக்கு விலை கட்டுப்படியானது. ஹெபடைடிஸ் சி-யை மூன்று மாத மாத்திரையில் துடைத்துவிடுகிறார்கள். பி வைரஸ் அப்படி விடுவதில்லை, செல்லின் கருவுக்குள் தன் மரபணு வளையத்தைப் பதுக்கிவைக்கிறது. இன்றைய மாத்திரைகள் பெருக்கத்தை அடக்கும், வளையத்தைத் தொடாது.

புற்றுநோய் வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வளையம் நன்றாகப் பழக்கம். இளவயதில் எப்போதோ தொற்றி, குணமாகி, மறந்தும்போன ஒருவருக்கு ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து கொடுத்து வெள்ளையணுக்களை அடக்கினால், பதுங்கிய வைரஸ் மறுபடி பெருக ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, எஸ்.ஜி.பி.டி. அப்படியே இருக்கலாம். சிகிச்சை முடிந்து எதிர்ப்புச் சக்தி திரும்பும் வாரங்களில்தான் ஈரல் வேகும், சிலர் இறந்தும்போகிறார்கள். ஆகவே முதல் டோஸுக்கு முன்பே ஆஸ்திரேலியா ஆன்டிஜெனும் பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடியும் பார்த்தாக வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷங்களில் என் மேசைக்கு வந்த சாம்பிள்களில் கணிசமானவை அப்படி வந்தவைதான். ரிசல்ட் வராமல் மருந்தை ஏற்ற மாட்டேன் என்று டாக்டரம்மா இரண்டு முறை போன் செய்துவிடுவார்.